சம்பந்திக்கு அடித்த வியர்வை

இப்போதெல்லாம் ஒரு ஆள் நடுத்தெருவில் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். விழுந்தவனைப் பார்ப்பதற்கு முன்னால் சுற்றும் முற்றும் பார்க்கிறார்கள், எங்காவது கேமரா ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று. வேடிக்கைக்கு ஏதோ எடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கேமரா இல்லை என்று தெரிந்தால் தங்கள் போனை எடுத்து அந்தக் குறையைத் தீர்த்து வைக்கிறார்கள். தண்ணீர் அதற்கப்புறம்தான். இவர்களை நான் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தவன். இந்த வெயில் காலத்தில் என் சம்பந்தி என் கண்ணெதிரே விழுந்தார். நானும் நின்றேன்.

டிவி நாடகம் எடுக்கிற இடத்தில் எனக்கு வேலை. மேக்கப் போடுகிறவர் வேறு. அவர் அதற்கென்று படித்தவர், பெட்டியோடு காரில் வந்து இறங்குவார். நான் அவருக்குப் பின்னால் நிற்கிறவன். வியர்வை, கண்ணீர், ரத்தம், அழுக்கு, இவையெல்லாம் என் இலாகா. தண்ணீரில் கிளிசரினைக் கலந்து பீச்சுகிற பாட்டிலில் ஊற்றி முகத்தில் அடித்தால் முத்து முத்தாக நிற்கும். எந்தச் சூட்டுக்கும் சட்டென்று காயாது. யூனிட்டில் என்னை 'வேர்வைப் பெரியவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

நாடகத்தில் நோய் வருவதற்கு ஒரு முறை இருக்கிறது. மாரடைப்பு என்றால் இடது மார்பைப் பிடித்துக்கொண்டு, மேஜை மேல் இருக்கிற கண்ணாடி டம்ளரைத் தட்டிவிட்டு விழ வேண்டும். டம்ளர் உடையாவிட்டால் அது மாரடைப்பே இல்லை. பெண்பிள்ளை வாந்தி எடுத்தால் கர்ப்பம். ஆண்பிள்ளை இருமினால் கைக்குட்டையில் ரத்தம். அந்த ரத்தத்தைக் கலக்குகிறவன் நான். எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தாடை வலித்தது, நேராகப் பல் டாக்டரிடம் போனார். அது மாரடைப்பாம். நல்ல வேளை, அந்தப் பல் டாக்டர் டிவி பார்க்கிற ஆளில்லை.

பூமி சூடாகிறது என்கிறார்களே, அந்த விஷயத்தையும் நான் அப்படித்தான் வைத்திருந்தேன். வெடித்துக் கிடக்கிற நிலம் என்று செய்தியில் காட்டுவது எங்கள் கிடங்கில் சுருட்டி வைத்திருக்கிற ரப்பர் விரிப்பு. வறட்சி வேண்டுமென்றால் விரிப்போம், முடிந்ததும் சுருட்டுவோம். வெயிலில் தகரத்தின் மேல் முட்டை பொரிகிறது என்று ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். அந்தத் தகரத்தை அடுப்பில் சூடாக்கிக் கொண்டுவந்தவனோடு நான் டீ குடித்திருக்கிறேன். இதையெல்லாம் கையால் செய்தவனுக்கு எதை நம்பத் தோன்றும்? "நான் பொறக்கும்போதும் வெயில் இருந்துச்சுப்பா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்படி இருக்கையில் வெயில் ஆளைக் கொல்லும் என்று ஜனங்களுக்குப் புரிய வைக்க ஒரு குறும்படம் எடுக்கச் சேனல்காரர்கள் முடிவு செய்தார்கள். நாடகங்களுக்கு நடுவே போடுவார்களாம். மூட்டை தூக்குகிற ஒரு முதியவர் வெயிலில் சுருண்டு விழ வேண்டும். அதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

என் மகளின் மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை முடிந்த பிறகு அவருக்கு டிவியே கதி. வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பிடித்துக்கொள்வார்.

"ஏன் சம்பந்தி, ஊர்ல இருக்கிறவன் மூஞ்சிக்கெல்லாம் தண்ணி தெளிக்கிறீங்க. என் மூஞ்சி மட்டும் டிவிக்குள்ள போகாதா?"

"போகும் சம்பந்தி. கொஞ்சம் அகலமான டிவியா வாங்கணும்."

"உங்க மூஞ்சிய விடவா?" என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பார்.

நான்தான் டைரக்டர் தம்பியிடம் சொல்லி அவரைக் கூட்டிப் போனேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சரக்குக் கிடங்கின் பின்பக்க முற்றத்தில் படப்பிடிப்பு. சிமென்ட் தரை, சுற்றிலும் தகரம், ஒரு மரம் கிடையாது. யோசனை சொல்வதற்கு ஒரு டாக்டர் பெண் வந்திருந்தாள். என் கையில் பாட்டிலைப் பார்த்ததும் நேரே என்னிடம் வந்தாள்.

"ஐயா, இந்தக் காட்சிக்கு வேர்வை வேணாம்."

"வெயில் காட்சிம்மா இது."

"அதனாலதான் சொல்றேன். உடம்பு ரொம்பச் சூடாயிட்டா நிறைய பேருக்கு வேர்வை நின்னுடும். எல்லாருக்கும்னு சொல்லல, ஆனா வயசானவங்களுக்கு அப்படித்தான் அதிகம். தோல் காஞ்சுபோய்க் கொதிக்கும். சம்பந்தமில்லாம பேசுவாங்க, காரணமில்லாம கோவப்படுவாங்க. ஜனங்க அதைத் தெரிஞ்சுக்கணும்."

"வேர்க்கலேன்னா காத்து வாங்கிட்டு நிக்கிறார்னு நினைப்பாங்கம்மா" என்றேன்.

யூனிட்டே சிரித்தது. டைரக்டர் தம்பியும் சிரித்தார். "பெரியவர் சொல்றது சரிதான் டாக்டர். பாக்கிறவனுக்கு ஒரே பார்வையில வெயில்னு தெரியணும்ல. நீங்க சொன்னதை வேணா பின்னாடி குரல்ல வச்சுக்கலாம்."

அவள் முகம் சின்னதாகிப் போனது. ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டாள். படித்த பிள்ளையை வாயடைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சம்பந்திக்கு முரட்டுத் துணியில் சட்டை, மேலே ஒரு கோட்டு. மூட்டைக்குள் முதலில் பஞ்சுதான் வைத்தார்கள். கனமாகத் தெரியவில்லை என்று கேமராக்காரர் குறைப்பட்டதால் மணலைப் போட்டார்கள். ஒரு தடவை விமானம் போன சத்தம், ஒரு தடவை யாருடைய நிழலோ விழுந்தது, ஒரு தடவை சம்பந்தியே கேமராவைப் பார்த்துவிட்டார். திரும்பத் திரும்ப நடந்தார். கேமராவுக்குக் குடை இருந்தது. டைரக்டருக்குக் குடையும் காற்றாடியும் இருந்தன. தண்ணீர் கொடுத்தால் சம்பந்தி குடிக்கவில்லை.

"வேணாம் சம்பந்தி. அந்தப் பக்கம் போகணும்னு முட்டிக்கிட்டா, என் இடத்துல வேற எவனையாவது நிறுத்திடுவானுங்க."

"யாரும் நிறுத்தமாட்டாங்க. குடிங்க."

"பஸ்ஸுல ஒரு நாளெல்லாம் அடக்கிட்டு நின்னவன் நான். இது என்ன பெரிய விஷயம்?"

நான் வற்புறுத்தவில்லை. முதல் சில தடவை அவர் முகத்தில் அவருடைய சொந்த வியர்வையே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேலை குறைச்சல்தான். உச்சி வெயில் சாய்கிற நேரத்தில் கடைசித் தடவைக்காகப் பாட்டிலோடு போனேன். முகம் காகிதம் மாதிரி காய்ந்திருந்தது. செக்கச் செவேலென்று இருந்தது. ஒட்டியிருந்த தூசியைத் துடைக்கக் கன்னத்தைத் தொட்டேன், இஸ்திரிப் பெட்டியைத் தொட்டது போலிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். "டிக்கெட் வாங்கியாச்சா?" என்றார்.

சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மனுஷன் குஷியில் இருக்கிறார் என்று நினைத்தோம்.

"முன்னால போ, முன்னால போ. படியில நிக்காத."

"சம்பந்தி, மூஞ்சியக் கொஞ்சம் தூக்குங்க."

"ஏய், உன்னத்தான். காது செவிடா உனக்கு? எறங்கு நீ!" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

யூனிட் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து இவர் என்னை நீங்க என்று சொல்லாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெண் கொடுத்தவன் என்று எங்கேயும் என்னை ஒரு படி மேலேயே வைத்துப் பேசுகிற மனுஷன். முகத்தில் வெளிச்சம் பட்டதும் தலைக்கேறிவிட்டது பார் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. காலையில் அந்தப் பெண் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. சம்பந்தமில்லாத பேச்சு, காரணமில்லாத கோபம், காய்ந்த தோல். மூன்றும் என் எதிரே நின்றன. நான் பார்த்ததெல்லாம் அவர் என்னை நீ என்றதை மட்டும்தான். கோபத்தில், வேண்டியதைவிடக் கூடுதலாகவே அடித்தேன். நெற்றி, கன்னம், கழுத்து, எல்லா இடமும் பளபளவென்று ஆனது.

நடந்தார். கால் பின்னியது. "பிரமாதம், பிரமாதம்" என்று டைரக்டர் தம்பி மெல்லிய குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. மூட்டையோடு பக்கவாட்டில் சரிந்தார். விரல்கள் தரையை எதற்கோ சுரண்டின. கட் என்றதும் எல்லோரும் கை தட்டினார்கள்.

"எழுந்திரிங்க ஐயா, ஓகே ஆயிடுச்சு!"

அவர் எழுந்திருக்கவில்லை. அப்போதும் ஒருத்தன், "ஆளு கேரக்டர விட்டு வெளிய வரலடா" என்றான்.

யூனிட் மேனேஜர் ஓடிவந்து குனிந்து முகத்தைப் பார்த்தார். "வேர்வை ஊத்துது பாருங்க. காலையில டாக்டரம்மா என்ன சொன்னாங்க? வேர்வை நின்னாதான ஆபத்து. இது சும்மா மயக்கம். நிழல்ல படுக்க வைங்க, கோட்டக் கழட்டாதீங்க, இன்னும் ஒரு ஷாட் இருக்கு."

பாட்டில் என் கையில் இருந்தது. அது வேர்வை இல்ல, நான் அடிச்சது. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சின்னப் பிள்ளைக்குக்கூட வாயில் வருகிற பேச்சு. எனக்கு வரவில்லை. சொன்னால் அந்தப் பெண் சொன்னது சரி என்று ஆகும். எல்லோர் முன்னாலும் சிரித்தவன் நான். சொன்னால் நீதானே அடித்தாய், அப்போதே தெரியவில்லையா என்று கேட்பார்கள். அதோடு, நிஜமாகவே எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெயிலில் விழுகிறவன் நிழலில் படுத்தால் எழுந்துவிடுவான் என்றுதான் எத்தனையோ நாடகத்தில் பார்த்திருக்கிறேன். முகத்தில் தண்ணீர் தெளித்தால் கண்ணைத் திறந்து, "நான் எங்கே இருக்கிறேன்?" என்பான்.

தகரக் கூரைக்குக் கீழே படுக்க வைத்தார்கள். நிழல்தான், ஆனால் அடுப்படிச் சூடு. டீ வந்தது. நான் வாங்கிக்கொண்டேன். குடிக்கவும் செய்தேன்.

பாதி குடித்திருப்பேன், அவர் உடம்பு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. அப்புறம்தான் கத்தினேன். "அது வேர்வை இல்லடா, கிளிசரின்! தூக்குங்கடா வண்டியில!" கத்தினேன், ஓடினேன், தூக்கினேன், எல்லாம் செய்தேன். செய்ய வேண்டிய நேரத்தில்தான் செய்யவில்லை.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கிழித்துப் போட்டு ஐஸ் வைத்தார்கள். ஈரத்துணி போர்த்திக் காற்றாடியை வைத்தார்கள். ஒரு நர்ஸ் பஞ்சால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன இது பிசுபிசுன்னு? எண்ணெயா?"

"தெரியலம்மா" என்றேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் அலறி அடித்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மாமா, நல்ல வேளை, நீங்க கூட இருந்தீங்க." என் மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே, சுவரில் மாட்டியிருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் யாரோ மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்துகொண்டிருந்தான்.

சம்பந்தி பிழைத்துக்கொண்டார். ஆனால் பழைய ஆள் இல்லை. காலை அகட்டி வைத்து, கப்பலில் நடப்பது போல நடக்கிறார். டம்ளரைக் கொடுத்தால் பாதி மடியில். நாக்கு தடித்துப்போய் ஒவ்வொரு வார்த்தையாக வருகிறது. மூளையில் சூடு ஏறிய நேரம் கூடிப்போனதால் இப்படி என்றார்கள். கூடிப்போன அந்த நேரத்தில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டைரக்டர் தம்பி போன் செய்தார். அந்த ஷாட்டையே படத்தில் வைக்கப் போகிறார்களாம். அவ்வளவு இயல்பாக வந்திருக்கிறதாம். சம்பந்தியிடம் கேட்டதற்குத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. பளபளவென்று வேர்த்து விழுகிற ஒரு முகத்தை ஊரெல்லாம் பார்க்கும். நாளைக்கு எவன் வீட்டிலோ ஒரு கிழவன் காய்ந்த முகத்தோடு உளறுவான். வேர்க்கவில்லையே, இது வெயிலால் வந்தது இல்லை என்று படுக்க வைத்துவிடுவார்கள். டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டிருந்த எங்கள் மேனேஜரே முகத்தில் மின்னிய வேர்வையைத்தானே நம்பினார்?

சம்பந்தி வீட்டுக்குப் போனேன். மகள் கடைக்குப் போன நேரம். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். கன்னத்தைத் தொட்டது, சூடு தெரிந்தது, நீ என்றதும் கோபம் வந்தது, கூடுதலாக அடித்தது, வாய் திறக்காமல் நின்றது, டீ, நர்சிடம் சொன்ன பொய். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான்... உங்கள... நீன்னா சொன்னேன்?"

"அது கெடக்குது சம்பந்தி. நான் சொன்னதக் கேட்டீங்களா?"

"எல்லாரும் இருக்கும்போதா?"

"ஆமா."

"ஐயையோ" என்றார். கண் கலங்கிவிட்டது. "மருமக கேட்டா என்ன நினைக்கும். மன்னிச்சுக்குங்க சம்பந்தி."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "நீங்க என்னைய நாலு அறை அறையணும். நீங்க போய் மன்னிப்புக் கேக்குறீங்களே."

"அறையலாம்... கை... குறி தப்பும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எச்சில் வழிந்தது. நான் துடைத்துவிட்டேன்.

அந்த ஷாட்டை எடுத்துவிடச் சொல்லப்போகிறேன் என்றேன். சிரிப்பு நின்றது.

"எடுக்கச் சொல்லாதீங்க. அது வரலேன்னா... நான் சும்மா விழுந்தவன் ஆயிடுவேன்."

எடுக்கச் சொல்லவும் மனசில்லை, அப்படியே விடவும் மனசில்லை. எழுந்து நேரே ஸ்டுடியோவுக்குப் போனேன்.

மாடியில் எடிட்டிங் அறை. ஜன்னலெல்லாம் அடைத்து, ஏசி போட்டு, பல் கிட்டுகிற குளிர். டைரக்டர் தம்பியும், குரல் கொடுக்க வந்திருந்த அந்த டாக்டர் பெண்ணும் இருந்தார்கள். என்னை உட்கார வைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். சம்பந்தி முகம் திரையெல்லாம் மின்னியது. வைரம் பதித்தது போல ஒவ்வொரு துளியும். மேலே அந்தப் பெண்ணின் குரல், வியர்வை நின்றுபோவது ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம் என்று சொன்னது.

"காதுக்கு ஒண்ணு சொல்றீங்க, கண்ணுக்கு ஒண்ணு காட்டுறீங்களே தம்பி" என்றேன். "அது நான் போட்ட வேர்வைன்னு எழுதிக் காட்டுங்க."

"அப்படிப் போட்டா என்ன ஆகும் தெரியுமா ஐயா? 'பாத்தியா, வேர்வை செட்டப், அப்ப வெயிலும் செட்டப்'னு சொல்லுவாங்க. யாரு முதல்ல சொல்லுவா? உங்கள மாதிரி ஆளுங்கதான். டீ குடிக்கிற இடத்துல நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க?"

அது உண்மை. அப்புறம்தான் தோன்றியது.

"ஆக்ஷன் சொல்றதுக்கு முன்னாடி கேமரா ஓடிட்டு இருந்துச்சா?"

"ஓடிட்டுதான் இருந்துச்சு."

"அதைப் போடுங்க பாக்கலாம்."

போட்டார். காய்ந்து சிவந்த முகம் வந்தது. டிக்கெட் வாங்கியாச்சா என்று கேட்டது. எல்லோரும் சிரிக்கிற சத்தம். முன்னால போ, எறங்கு நீ. அப்புறம் என் கை, என் பாட்டில், என் முகம். கடுகடுவென்று, கொசுவுக்கு மருந்தடிக்கிறவன் மாதிரி அடித்துக்கொண்டிருந்தேன். அந்த மூஞ்சியை நான் கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை.

டாக்டர் பெண் முன்னால் சாய்ந்தாள். "இதுதான்" என்றாள். "இதுலதான் எல்லாமே இருக்கு."

"அப்ப இதைப் போடுங்க. சம்பந்தி மூஞ்சியும் வரும், நடந்ததும் தெரியும்."

"ஐயா, இதுல நீங்க வர்றீங்க. ஊரே உங்களத் திட்டும்."

"திட்டட்டும். திட்டுனாத்தான் ஒருத்தனாவது ஞாபகம் வச்சுக்குவான்."

டைரக்டர் தம்பி நெற்றியைத் தேய்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு சேனல்காரர்களோடு போனில் பேசிவிட்டு வந்தார். வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒத்துக்கல ஐயா. வெயில் ஜாக்கிரதைன்னு படம் எடுக்கப் போய் நாமளே ஒருத்தர விழ வச்சோம்னு நாமளே காட்டுறதான்னு கேக்குறாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தான."

"யாருக்கு நியாயம்?"

டாக்டர் பெண் மெதுவாகப் பேசினாள். "எதுவுமே வராம போறதுக்கு இதாவது வரட்டும் ஐயா. நாலு பேராவது நிழலுக்குப் போவாங்க. குரல்ல நான் இன்னும் அழுத்திச் சொல்றேன். அப்புறம்... உங்க மேல தப்பு இல்ல. நீங்க முன்னாடியே சொல்லியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்னு வச்சுக்குங்க."

வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். அன்றைக்கு முகம் சின்னதாகிப் போன பெண்தான், இப்போது எனக்காகப் பொய் சொல்கிறாள். அவளுக்கு வரவில்லை. பாதியிலேயே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரிதான ஐயா?" என்றார் டைரக்டர் தம்பி. "சம்பந்திக்கும் சந்தோஷம், ஜனங்களுக்கும் நல்லது."

சரி என்று சொல்ல எனக்கு வரவில்லை. இல்லை என்று சொல்லி ஆகப்போவதும் இல்லை. திரையில் அந்தப் பளபளக்கிற முகத்தை மறுபடி ஓட விட்டார்கள். நான் எழுந்து, கதவோரம் கழற்றி விட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். பின்னாலிருந்து ஐயா, ஐயா என்று கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. வெளியே சூடு முகத்தில் அறைந்தது. கிடைத்த நிழலில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன்.